சாரையின் புதுச் சட்டை

காட்டுப்படை அணிவகுப்பில் கேப்டன் பெருச்சாளி சாரைப்பாம்பின் முன்னால் வந்து நின்றார்.

"எடை கூடிப்போய்ச் சட்டை பிதுங்குது. நாளைக்குள்ள சரியாகலேன்னா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"சரிங்க ஐயா," என்ற சாரை, முள்வேலியில் உடம்பைத் தேய்த்துச் சட்டையை உரித்துப் போட்டது.

மறுநாள் புதுச் சட்டை பளபளவென்று கச்சிதமாக இருந்தது. இடையில் விழுங்கிய தவளையால் எடை என்னவோ இன்னும் கூடித்தான் இருந்தது.

"இப்பத்தான் நல்லா இளைச்சிருக்கே," என்று கேப்டன் பாராட்டினார்.

எல்லோரும் கலைந்ததும், தன் சட்டையில் பொத்தான் தெறித்த இடத்தைக் கையால் மறைத்தபடி அவர் சாரையின் புதருக்கு வந்தார்.

"தம்பி, உன் டெய்லர் யாருப்பா?"

"சாப்பாடுதாங்க ஐயா," என்று சொல்லி, கேப்டனின் தொப்பையைக் கனிவோடு பார்த்தது சாரை.