காப்புக் கட்டிய ஊரில் உலக்கைச் சத்தம்

“அடியே இருளாயி! காப்புக் கட்டுன ஊருல என்னடி உலக்கைச் சத்தம்?”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொர்ணவல்லி கத்தினாள். முருங்கைக் கிளை ஒன்று வேலி தாண்டினதில் ரெண்டு வீட்டுக்கும் ஆடி மாசத்திலிருந்து பேச்சு இல்லை. இப்போதுதான் முதல் பேச்சு.

இருளாயிக்குக் கை அந்தரத்தில் நின்றது. உரலுக்குள் வறுத்த கடலையும் கருப்பட்டியும் பாதி இடிபட்டுக் கிடந்தன.

“சப்பான்காரன் குண்டு போடுறான்னுல்ல நெனச்சேன்! மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டிட்டா வறுக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது, உலக்கை போடக்கூடாது. ஒனக்குத் தெரியாதாக்கும்?”

“தெரியும் மதினி. கடலைய முன்னாலயே வறுத்து வச்சுட்டேன். களத்துமேட்டு வேலையில இடிக்கத்தான் முடியல. இன்னிக்குச் சாயங்காலம் சடுகுடுல்ல!”

அதுதான் சங்கதி. பொழுது சாய்ந்தால் கோயில் திடலில் மணமேல்குடிக்காரர்களோடு சடுகுடு. இருளாயி புருஷன் திருப்பதியை நம்பித்தான் ஊரே இருக்கிறது.

போன வருஷமும் அவனைத்தான் நம்பினார்கள். கடைசியாகப் பாடிப் போனவன், நடுக்கோட்டைத் தொடக் கை நீட்டினான். பசி மயக்கத்தில் அப்படியே சுருண்டான். சண்டைக் காலம், அரிசியை அளந்து போடுகிற நேரம், என்ன செய்வான் பாவம்! “கஞ்சி குடிச்சுட்டு வாங்கடா!” என்று மணமேல்குடிக்காரர்கள் கொக்கரித்தது இன்னும் இருளாயி காதைவிட்டுப் போகவில்லை.

இந்தத் தடவை விடுவாளா? கடலை, கருப்பட்டி, கொஞ்சம் சுக்கு. அடுப்பே வேண்டாம். இடிக்க இடிக்கக் கடலை எண்ணெய் கக்கும், கருப்பட்டி கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அமுக்கி, விரல் விரலாக வில்லை போட்டுவிட்டால், ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு களத்தில் குதிக்கலாம்.

“அம்மியில அரச்சுத் தொலைக்க வேண்டியதுதானேடி?”

“அரச்சாக் களியாப் போயிரும் மதினி. வில்லை நிக்காது.”

“நிக்காட்டி நக்கட்டுமே! அம்பலகாரர் காதுல விழுந்தா என்ன ஆகும்? காப்ப மீறுன வீட்டு ஆம்பள ஊருக்காகக் களத்துல எறங்கக்கூடாதுல்ல?”

இருளாயி முகம் செத்துப்போனது. “இன்னும் கொஞ்சந்தான் மதினி. யாருகிட்டயும்...”

“இரு இரு. இப்ப என்ன செய்யிறேன்னு பாரு!”

சொர்ணவல்லி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தெருவில் ஓடினாள்.

“பாவி மக! ஒரு முருங்கைக் கிளைக்கா இம்புட்டு வன்மம்? நீ வெளங்குவியா!”

இனி நிறுத்தினாலும் குற்றம், இடித்தாலும் குற்றம். பல்லைக் கடித்துக்கொண்டு உலக்கையைப் போட்டாள் இருளாயி. முறத்தில் வாழை இலையை விரித்துக் கொட்டினாள். குழவியை உருட்டி உருட்டி அமுக்கினாள். கத்தியால் கீறி, ஒரு வில்லையை எடுத்து நட்டமாக நிறுத்தினாள்.

உடையவில்லை. உதிரவில்லை.

“நின்னுருச்சு! ஆத்தா, நின்னுருச்சு!”

“எது நின்னுருச்சு?”

வாசலில் ஊர்த்தலைவர், அம்பலகாரர் ரத்தினவேல். கையில் மஞ்சள் காப்பு, நெற்றி நிறையத் திருநீறு.

இருளாயி முறத்தை மறைக்கவில்லை.

“பொய் சொல்ல மாட்டேன் மாமா. இடிச்சேன். ஊரு தோத்துறக் கூடாதுன்னுதான் இடிச்சேன். தண்டனைய எனக்குக் குடுங்க. அவுகளை எறங்க விடுங்க.”

அம்பலகாரர் ஒரு வில்லையை எடுத்தார். மோந்து பார்த்தார். எச்சில் விழுங்கிக்கொண்டு திரும்ப வைத்துவிட்டார்.

“ஆளுக்கொரு நாயம் பேச முடியாது தாயி. இந்தத் தெருவுல இத்தன வீடு இருக்கு. எங்கிட்டாச்சும் உலக்கை விழுந்துச்சா? ஒன் வீட்டுல மட்டுந்தான் விழுந்துச்சு. திருப்பதி இன்னிக்கு...”

டொக்!

எதிர்வீட்டிலிருந்து வந்தது சத்தம். அம்பலகாரர் திரும்பினார்.

டொக்! டொக்!

இது முனியாயி வீடு. அடுத்தது பொன்னுத்தாய் வீடு. அங்கிட்டு ஒன்று, இங்கிட்டு ஒன்று. வெறும் உரலில் விழுகிற உலக்கைகளால், பறைக்கொட்டு மாதிரி தெருவே அதிர்ந்தது.

“என்ன அநியாயம் இது! எல்லாவளுக்கும் ஒரே நேரத்துலயா பித்துப் பிடிக்கும்? இத்தன வீட்டையும் தள்ளி வச்சா, சடுகுடுவுக்கு நான் யாரை எறக்குறது?”

“நீங்க ஒருத்தராப் பாடிக்கிட்டுப் போக வேண்டியதுதான் மாமா!”

மூச்சு இரைக்க வந்து நின்றாள் சொர்ணவல்லி. தலை அவிழ்ந்து கிடந்தது. வீடு வீடாக ஓடின ஓட்டத்தில் முகமெல்லாம் வேர்வை.

இருளாயி வாசலுக்கு ஓடி வந்தாள். “மதினி... நீயா?”

“பின்ன? ஒத்த வீட்டுல இடிச்சாத்தானே குத்தம்? இப்பச் சொல்லச் சொல்லு, எந்த வீடு குத்தம்னு.”

அம்பலகாரர் விடவில்லை. மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஊரே கெட்டாலும் என் வீடு கெடாது. கேட்டுப் பாரு. தெருக்கோடியிலருந்து ஒரு சத்தம் வருதா?”

“செத்த பொறுங்க மாமா. அத்தகிட்ட இப்பத்தான் சொல்லிட்டு வாரேன்” என்றாள் சொர்ணவல்லி.

தெருக்கோடியிலிருந்து கேட்டது, ஊரிலேயே பெரிய உலக்கைச் சத்தம்.