பொம்மைக்கு வரவேண்டிய சட்டை

தக்காளித் தோட்டத்து வைக்கோல் பொம்மைக்கு இருந்தது ஒரே ஆசைதான். தோட்டத்துக்காரர் சடையாண்டி புதுச்சட்டை எடுத்தால், அவருடைய பழசு அதற்கு வரும். இப்போது மாட்டியிருந்ததோ வெயிலில் வெளுத்துச் சாயம் போயிருந்தது.

"அண்ணே, விவசாய ஆபீசர் புது ரகம் நடச் சொல்லியிருக்கார். விளைச்சல் இரட்டிப்பாம். உனக்குச் சட்டை உறுதி" என்றது காக்கை.

"போன வருஷமும் இதையேதான் சொன்னே" என்று அலுத்துக்கொண்டது பொம்மை.

ஆபீசர் சொன்னது பொய்யில்லை. செடி தாங்காமல் காய்த்தது. ஆனால் சுத்துப்பட்டு ஊரெல்லாம் அதே ரகத்தைத்தான் நட்டிருந்தார்கள். சந்தையில் கேட்க நாதியில்லை. பறிகூலிக்கே கட்டாதென்று சடையாண்டி பழங்களைச் செடியிலேயே விட்டுவிட்டார். காக்கை இஷ்டத்துக்குக் கொத்தியது. பொம்மையும் விரட்டவில்லை.

ஒருநாள் காலையில் சடையாண்டி வெறும் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து, பொம்மையின் பொத்தான்களைக் கழற்றினார். நல்ல காலம் வந்துவிட்டதென்று பொம்மை வாகாகக் கையை விரித்துக் கொடுத்தது. அவர் சட்டையை உருவி, வைக்கோலை உதறி, தானே மாட்டிக்கொண்டு நடந்தார்.

"எங்கே போறார்?" என்றது பொம்மை.

"ஆபீசர் கூட்டத்துக்கு" என்றது காக்கை, வாய் நிறையப் பழத்தோடு. "அடுத்த வருஷம் கத்தரிக்காயாம்."