இருட்டறையில் விளக்கைப் போட்டவர்

"அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்குங்க. வேற எதுவும் வேண்டாம்."

லௌரி கடிதத்தை மேஜைமேல் போட்ட வேகத்தில், புகைப்படத் துறைத் தலைவி ரியனின் டீக் கோப்பை ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"முதல்ல உக்காரு," என்றார் ரியன்.

"உக்கார வரல. மூணாம் வருஷத்துல பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். படிங்க."

படிக்க என்ன இருக்கிறது? ரெண்டு நாளாய்க் கல்லூரி பூராவும் இதே பேச்சுதான்.

டெஸ்னி, லௌரிக்கு உயிர்த்தோழி. ஃபோட்டோகிராஃபி டிகிரியில் கடைசி வருஷம். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவள். இருந்தது அப்பா ஒருத்தர்தான். அவரும் போன புதன்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார்.

கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் அவர். பெற்ற மகளைக்கூடச் செல்போனில் ஒரு படம் எடுக்க விட்டதில்லை. சாவதற்கு மூன்று நாள் முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, என்ன தோன்றியதோ, "சரி, ஆசை தீர எடுத்துக்கோ" என்றாராம். ஒரே ஒரு பிலிம் ரோல். முப்பத்தாறு படம்.

அதைக் கழுவ டெஸ்னிக்குத் தைரியம் வரவில்லை. டார்க் ரூம் பொறுப்பாளர் கெதினிடம் கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷமாய் அதே இருட்டில் வேலை பார்க்கிறவர். 'சுவிட்சைத் தொட்டால் கையை முறிப்பேன்' என்று சுவர் முழுக்க நோட்டீஸ் ஒட்டிவைத்திருக்கிற சிடுமூஞ்சி.

அந்தச் சிடுமூஞ்சி அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "மறதியா விளக்கைப் போட்டுட்டேன். பிலிம் போச்சு" என்றார். அவ்வளவுதான்.

"மறதியாம், மறதி!" லௌரி மேஜையைத் தட்டினாள். "லென்ஸ் மூடியைத் தொலைச்சதுக்கு என்னை ஒரு மாசம் உள்ள விடாத மனுஷன்!"

ரியன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "டெஸ்னி கையெழுத்தைக் காணோமே?"

"அவ எங்க போடுவா? 'பாவம், அவர் என்ன வேணும்னா செஞ்சாரு'ங்கறா. ஒரு வாய் சாப்பிடாம அழுதுக்கிட்டே அவருக்கு வக்காலத்து வாங்கறா."

ரியன் போனை எடுத்துக் கெதினை வரச் சொன்னார்.

மருந்துக் கறை படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார் மனிதர்.

"நடந்ததைச் சொல்லுங்க, கெதின்."

"சொல்ல என்ன இருக்கு? விளக்கைப் போட்டேன். தப்பு என்னோடது."

"வேலையே போகலாம். தெரியுமில்ல?"

"தெரியும்."

"பாத்தீங்களா?" லௌரி பொங்கினாள். "ஒரு வருத்தமாவது தெரியுதா அந்த முகத்துல? கல்லு! நாளைக்கு இல்லேன்னு சாதிப்பார்னுதான் சாட்சியையும் கொண்டுவந்திருக்கேன். குப்பைக் கூடையிலேர்ந்து எடுத்தேன்."

பையிலிருந்து சுருள் பிலிமை எடுத்து வைத்தாள். கறுப்புக் காகிதத்தில் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

முதல்முறையாகக் கெதின் பதறினார். "அதை எதுக்கு எடுத்த? குடு இப்படி!"

அவர் கை நீட்டுவதற்குள் ரியன் பிரித்துவிட்டார். ஜன்னலுக்கு நேராய்த் தூக்கிப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார்.

லௌரியும் பார்த்தாள்.

வெளிச்சம் பட்ட பிலிமைக் கழுவினால் கரியாய்க் கறுத்துவிடும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கே தெரிந்த பாடம். இதுவோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

"ஓரத்துல நம்பரெல்லாம் சுத்தமா வந்திருக்கு. கழுவினதுல ஒரு குறையும் இல்ல," என்றார் ரியன் மெதுவாக. "இது வெளிச்சத்தையே பாக்காத பிலிம். டார்க் ரூம்லயும் பாக்கல, கேமராவுக்குள்ளயும் பாக்கல. கேமராவுல பிலிம் நுனியைச் சரியா மாட்டாம மூடியிருக்காங்க. முப்பத்தாறு தடவையும் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். உள்ள பிலிம் நகரவே இல்ல."

கெதின் தரையைப் பார்த்தார்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க? அப்பாவோட கடைசிப் படத்தைத் தன் கையாலயே கெடுத்துட்டோம்னு அந்தப் பொண்ணு காலம் பூரா நொந்துக்குவாளேன்னா?"

"அப்படியே வெச்சுக்கோங்க," என்றார் கெதின். "என்னைத் திட்டினா ஒரு மாசத்துல ஆறிடும்."

உட்கார மாட்டேன் என்றவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"டெஸ்னி மாட்டல," என்றாள்.

"என்னது?"

"ஆஸ்பத்திரி வராந்தாவுல... அவளுக்குக் கை நடுங்கிச்சு. நீ போய் அப்பாகிட்ட உக்காருடீன்னு சொல்லிட்டு, நான்தான் அவசர அவசரமா மாட்டிக் குடுத்தேன்."

லௌரி மெல்ல நிமிர்ந்து கெதினைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்கு... தெரியுமா?"

"நீதான் மாட்டிக் குடுத்தேன்னு ரோலைக் குடுக்கும்போதே டெஸ்னி சொன்னா," என்றார் கெதின். "அப்பாதான் போயாச்சு. நீயாவது அவளுக்கு மிச்சம் இருக்கணும்ல?"