திருத்திய இடம்

மியூசியத்தில் இருக்கும் பூச்சி எதுவும் மியூசியத்தில் பிடிபட்டதல்ல என்பது சிக்ரிட்டின் கட்சி. பிடித்த காட்டைக் குறிக்கச் சோம்பல்பட்டு, பலரும் மியூசியம் இருக்கும் இடத்தையே கணினியில் பதிந்துவைத்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு பூச்சியையும் வரைபடத்தில் அதனதன் காட்டுக்கு நகர்த்தி, புதிய சீட்டும் குத்திவைத்தாள்.

கடைசியாக ஒரு வண்டு மாட்டியது. பதிந்தவர் பூச்சிப் பிரிவுத் தலைவர் ஹால்வர்.

"இவரே இப்படிப் பண்ணா எப்படி?" என்று பொரிந்தாள் சிக்ரிட்.

"அவரையே கேட்டுடேன்" என்றாள் பக்கத்து மேஜை தூருன்.

"கேக்க என்ன இருக்கு? லீவு விட்டா காட்டுல இருக்கிற மரவீட்டுக்குத்தான் ஓடுவார். அங்கதான் பிடிச்சிருப்பார்."

"இந்தப் பனியிலயா?"

"விறகுக்குள்ள இருந்திருக்கும். நீ சும்மா இரு."

வண்டைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு, நிம்மதியாக வாஃபிளும் காபியும் சாப்பிட்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி அலறியது.

"மேடம், உங்க பதிவுல இருக்கிற இடத்துலதான் நிக்கிறோம். இடுப்பு வரைக்கும் பனி. இதுல ரெண்டாவது மாடி எங்க இருக்கு?"

"நீங்க யாரு?"

"பூச்சி மருந்து அடிக்கிறவங்க. ஹால்வர் லீவுக்குப் போறப்ப சொன்னாரே, ரெண்டாவது மாடியில ஒரு வண்டு பிடிச்சேன், செத்த பூச்சியா பார்த்துத் திங்கிற வண்டு, இடத்தைப் பதிஞ்சிருக்கேன்னு!"

சிக்ரிட் இரண்டாவது மாடிக்கு ஓடிப்போய், பட்டாம்பூச்சி இழுப்பறையைத் திறந்தாள்.

வரிசையாகக் குண்டூசிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் அவள் திருத்திய இடம் அச்சுப் பிசகாமல் இருந்தது. பட்டாம்பூச்சிதான் இல்லை.