பத்தாயிரம் லிட்டர் பம்பு

பவளங்கள் வளரும் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குக் கீழே மரப்பெட்டிக்குள் ஒரு சின்னத் தொட்டி. மேலிருந்து வழிந்து வருகிற தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுகிற பம்புக்கு அந்தக் கீழ்த்தொட்டிதான் வீடு. பம்பு வந்த அட்டைப்பெட்டியில் மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள். ஆறடி ஏறுவதற்குள் அதில் பாதிதான் மிஞ்சும் என்று அச்சிடவில்லை. பம்பும் அதைப் பற்றி யாரையும் விசாரிக்கவில்லை.

ஒருநாள் தொட்டியின் முதலாளி ஒரு குட்டிப் பம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் பொருத்தினார்.

"எனக்கா துணை?" என்றது பெரிய பம்பு. "மேல பவளமெல்லாம் ஆடுதுன்னா அது என் வேகத்துலதான். நீ ஓரமா இருந்து பாத்துக்க."

"சரிண்ணே" என்று குட்டிப் பம்பு வேலையைத் தொடங்கியது.

மறுவாரம் முதலாளி ஊருக்குப் போயிருந்தபோது பெரிய பம்பின் வாயில் பாசி அடைத்துக்கொண்டது. இரண்டு நாள் அசையாமல் கிடந்தது. அவர் திரும்பி வந்து பாசியை எடுத்துவிட்ட பிறகுதான் மறுபடி ஓடியது.

அன்று மாலை வழிகிற தண்ணீரோடு மேலிருந்து ஒரு நத்தை வந்து விழுந்தது.

"நான் நின்னதும் மேல எல்லாரும் தவிச்சுப் போயிருப்பீங்களே" என்று பெரிய பம்பு கேட்டது.

"நீங்க நின்னீங்களா?" என்றது நத்தை. "எங்க யாருக்கும் தெரியலையே."

குட்டிப் பம்பு தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்தது.

"கேட்டியா தம்பி" என்றது பெரிய பம்பு. "நிக்கிறதுன்னா இப்படி நிக்கணும். ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."