வலது பக்கம் மட்டும்

"ஒரு பை போதும்க்கா. வலது பக்கம் மட்டும்."

ரத்னா நிமிர்ந்து பார்த்தாள். சுங்குவார்சத்திரத்தில் பைக் சாமான் கடை போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. இப்படி ஒருத்தன் கேட்டதில்லை.

"வண்டிக்கு ரெண்டு பக்கமும் தொங்குற சேடில் பேக்னா ஜோடியாத்தான் தம்பி வரும். ஒத்தச் செருப்பு எங்கனா விப்பாங்களா?"

அவன் சிரிக்கவில்லை.

"ஜோடிக்கே காசு தாரேன். ஒண்ண மட்டும் மாட்டிக் குடுங்க."

பெயர் அருள்பாண்டி. உடம்பில் கம்பெனிச் சட்டை. வெளியே நின்ற டூரிங் பைக் கைமாறி வந்தது. நாளை விடிந்ததும் வள்ளியூருக்குக் கிளம்ப வேண்டும், திருச்சியில் ஒரு ராத்திரி தங்கல் என்றான்.

ரத்னாவின் புருஷன் அப்பாவு ஸ்பேனரோடு வெளியே வந்தான்.

"அவ்ளோ தூரம்னா ஹார்டு பாக்ஸ் போடு தம்பி. மழைக்குத் தாங்கும், பூட்டிக்கலாம்."

"பாக்ஸ் வேண்டாம்ணே. குத்தும்."

"யார குத்தும்?"

"பின்னால உக்காருத ஆளை."

துணிப் பைகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னான். திறந்து பார்க்கவில்லை. எத்தனை ஜிப், எவ்வளவு பிடிக்கும் என்று கேட்கவில்லை. மேல்பக்கத்தை மட்டும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். ஒன்று பொதக்கென்று உள்ளே போனது. இன்னொன்று சொரசொரப்பு. மூன்றாவதன் மேல் முழங்கையை ஊன்றி, உடம்புப் பாரத்தையே சாய்த்துப் பார்த்தான்.

"இது அமுங்கல. இதே இருக்கட்டும்."

"இன்னாபா இது, பை வாங்குறியா, தலகாணி வாங்குறியா?" என்றான் அப்பாவு. "அது கெடக்கட்டும். சைலன்சர் ரைட்ல கீது. ஒண்ணுதான்னா லெஃப்ட்ல மாட்டு. இங்க மாட்னா பை வெந்து பூடும்."

"நடுவுல ஒரு தகடு அடிச்சுக் குடுங்கண்ணே. இடது பக்கம் சும்மாதான் இருக்கணும்."

ரத்னாவுக்குப் பட்டென்று பிடிபட்டது. புருஷன் பக்கம் சாய்ந்தாள்.

"பொண்ணுய்யா. ஒரு சைடா ஒக்காரும். காலு லெஃப்ட்ல தொங்கும், அதான் பை ரைட்ல கேக்கறான்."

பிறகு அவனிடமே கேட்டாள்.

"இன்னா தம்பி, லேடீஸா?"

"ஆமாக்கா. எங்க கம்பெனிதான். இசக்கிசெல்வின்னு."

"கட்டிக்கினவளா?"

"இல்லக்கா."

"அவ வூட்டுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. ஊர்லேந்து போன் வந்தா ஓ.டி. இருக்கு, லீவு இல்லன்னே சொல்லிட்டுக் கெடக்கா. நாலு மாசம் ஆச்சு."

பில் புத்தகத்தை எடுக்கப் போன ரத்னாவின் கை நின்றது.

"நாலு மாசமா?" குரலைத் தாழ்த்தினாள். "உன்னாலயா?"

அவன் தலை குனிந்தான்.

"என்னாலதான்க்கா."

"டாக்டராண்ட காட்னியா?"

"காட்டாம இருப்பேனா? இனிமே தூரம் போகலாம்னு போன வாரந்தான் சொன்னாரு. குலுங்காமப் போகணுமாம்."

"பஸ்ல இட்டுனு போவேண்டியதுதான?"

"பஸ்ல எல்லாரும் பாப்பாங்கன்னு வரமாட்டேங்கா. ஹாஸ்டல் ரூமை விட்டே வெளிய வாரதில்ல. பைக்னா வாரேன்னு நேத்துதான் வாயத் தொறந்தா. நாளைக்கு விட்டா மனசு மாறிரும். அப்புறம் ஊருக்கே வரமாட்டாக்கா."

அப்பாவு அதற்குள் தகட்டை அடித்து, பையை மாட்ட ஆரம்பித்திருந்தான்.

"கயட்டுய்யா அத!"

ரத்னா போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"நாலு மாச வயித்தோட ஒரு பொண்ண அறுநூறு கிலோமீட்டர் பைக்ல இட்டுனு போறானாம்! அதுக்கு நாம பை மாட்டித் தரணுமா? எங்க வூட்லயும் பொண்ணு கீதுடா. பொழப்புக்கு வர்றதுங்களக் கெடுத்துட்டு, அப்பன் வூட்டு வாசல்ல எறக்கி வுட்டுட்டு ஓடியாரப் போற. அதான உன் டூரு?"

அருள்பாண்டி ஒரு நிமிஷம் விழித்தான்.

"வயிறு இல்லக்கா."

"பின்ன?"

"கம்பெனில சாமான் தூக்குத ஃபோர்க்லிஃப்ட் வண்டி நான்தான் ஓட்டுதேன். பின்னால அவ நின்னதப் பாக்காம ரிவர்ஸ் எடுத்துட்டேன். அவ வலது கால முட்டிக்கு மேலயே எடுத்துட்டாங்க. ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தா, அந்தப் பக்கம் ஊன்ற ஒண்ணும் இல்லன்னு பயப்படுதா. அதுக்குத்தான் பை."

டீக்கடையில் நின்றவர்கள் தங்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவு கழற்றிய போல்ட்டை எடுத்து மறுபடி முடுக்கினான்.

ரத்னா பில் புத்தகத்தைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"உம்மேல கேஸு?"

"இல்லக்கா. ஆஸ்பத்திரில கெடக்கும்போதே, தான்தான் பாக்காமக் குறுக்க வந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, என் வேலை போயிரக் கூடாதுன்னு."

"நீ?"

"நானும் பேசாம இருந்துட்டேன். ஊர்ல அவளப் பெத்த அய்யாகிட்டயும் அதையேதான் சொல்லப் போறாளாம். அவரு முன்னாலயாவது நான் நெசத்தச் சொல்லிரணும்க்கா."