கறுப்புக்குள் ஒரு மயில்

"ஊக்கு கொண்டு வராதவங்க எல்லாம் வெளியே போய் நில்லுங்க" என்று ஓவிய வகுப்பு கோமளா மிஸ் சொன்னதும் ஷைமா பைக்குள் துழாவிப் பார்த்தாள்; ஊக்கு இல்லை. பெஞ்சுக்கடியில் குனிந்து, எப்படியோ ஒன்றை எடுத்துவிட்டாள்.

கிரேயான் தேய்த்து, அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் பூசிக் காயவைத்திருந்த தாளை ஊக்கு முனையால் கீறினாள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு மயில் தோகை விரித்தது.

"அடேங்கப்பா!" மிஸ் தாளைத் தூக்கிப் பார்த்தார். "எந்திரிச்சு முன்னால வா கண்ணு. எல்லாருக்கும் காட்டு."

ஷைமா எழுந்திருக்கவில்லை. பெஞ்சை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க மிஸ்."

"மயிலு வரையத் தெரியுது, எந்திரிக்கத் தெரியாதா?"

பையன்கள் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த ஹாரிகா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "போ புள்ள, கூப்பிடறாங்கல்ல!"

"இழுக்காதடி!" ஷைமா அலறியே விட்டாள்.

மிஸ் அருகில் வந்து குனிந்தார். "ஏன் அம்மணி, எதுக்கு இத்தனை பயம்?"

ஷைமா பெயிண்ட் படிந்த ஊக்கை நீட்டினாள். மிஸ்ஸின் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"எங்கக்கா பாவாடைங்க மிஸ். இடுப்புல நின்னதே இந்த ஊக்குலதானுங்க."